கடைசி பெஞ்சு வரைக்கும் இணையம்: பள்ளிகளும் கல்வி நிறுவனங்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளிகளுக்கு இணைய இணைப்பு அமைத்துக் கொடுக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். தலைமை ஆசிரியர்கள், தாளாளர்கள், கணினி ஆசிரியர்கள், சிறிய பயிற்சி மையம் நடத்துபவர்கள் என்று யாரைச் சந்தித்தாலும் கேள்விகள் சுற்றிச் சுற்றி ஓரிடத்துக்குத்தான் வருகின்றன: மாதாமாதம் பணம் கட்டுகிறோம், வேகம் ஏன் வகுப்பறைக்கு வந்து சேரவில்லை? நேரில் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். பள்ளியின் வாசலுக்கு வந்து நிற்கும் இணைப்பை நான் இணைப்பாகக் கணக்கில் எடுப்பதில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் திரையில் பக்கம் திறந்தால்தான் அந்தப் பள்ளிக்கு இணையம் இருக்கிறது.

எங்கள் பள்ளிக்கு எவ்வளவு வேகம் வேண்டும்?

மொத்த மாணவர் எண்ணிக்கையை வைத்துத் தொடங்காதீர்கள். ஒரே நொடியில் எத்தனை பேர் ஒரே வேலையைச் செய்வார்கள் என்று பாருங்கள். வீட்டில் நான்கு பேர் இருந்தால் நான்கு நேரத்தில் நான்கு விதமாகப் பயன்படுத்துவார்கள். வகுப்பறையில் ஆசிரியர் "எல்லோரும் இந்தப் பக்கத்தைத் திறங்கள்" என்று சொன்ன உடனே 40 விரல்கள் ஒன்றாகச் சொடுக்குகின்றன. வீட்டுக்காக வடிவமைத்த திட்டம் பள்ளியில் தடுமாறுவது இங்கேதான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாடப் பக்கம் ஒன்று படங்களோடு சேர்த்து 2 மெகாபைட் என்று வைத்துக்கொள்வோம். 40 பேருக்கு 80 மெகாபைட். ஒரு பைட்டுக்கு 8 பிட். ஆக 640 மெகாபிட். 20 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 20 மெகாபிட் தரும் இணைப்பில் இது எல்லோருக்கும் வந்து முடிய 32 நொடி ஆகும். 100 எம்பிபிஎஸ் என்றால் ஏழு நொடிக்குள் முடிந்துவிடும். 32 நொடி சிறிய நேரம் என்று தோன்றலாம். வகுப்பெடுத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பத்தாவது நொடியில் பின்வரிசையில் பேச்சு தொடங்கும். இருபதாவது நொடியில் பாதிப் பேர் பொறுமை இழந்து மறுபடியும் சொடுக்குவார்கள்; அந்த இரண்டாவது சொடுக்கு வரிசையை இன்னும் நீளமாக்கும். இப்படி நான்கு முறை நடந்தால் பாடத்தின் ஓட்டமே அறுந்துவிடும்.

அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசி 2014-ஆம் ஆண்டில் ஓர் அளவுகோலை ஏற்றுக்கொண்டது: மாணவர்களும் ஊழியர்களும் சேர்ந்து ஒவ்வொரு 1,000 பேருக்கும் குறுகிய கால இலக்காக 100 எம்பிபிஎஸ், நீண்ட கால இலக்காக 1 ஜிபிபிஎஸ், அதாவது 1,000 எம்பிபிஎஸ். முதல் எண்ணை இன்றைக்கு அடித்தளமாக மட்டும்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் சிறிய பள்ளிகள் இந்த விகிதத்தை அப்படியே வகுத்துக்கொள்ளக் கூடாது. 100 பேர் படிக்கும் பள்ளிக்கு 10 எம்பிபிஎஸ் போதும் என்று வகுத்தல் சொல்லும். அங்கேயும் ஒரு வகுப்பு ஒன்றாகத்தானே சொடுக்கப் போகிறது? எவ்வளவு சிறிய பள்ளியானாலும் ஒரு முழு வகுப்பு ஒரே நேரத்தில் காணொளி பார்க்கும் அளவுக்காவது வேகம் இருக்க வேண்டும். நடுத்தரத் தரத்தில் ஒரு காணொளிக்கு ஏறக்குறைய 1.5 எம்பிபிஎஸ், 40 பேருக்கு 60.

100 எம்பிபிஎஸ் என்று சொன்னார்கள். பதிவிறக்கும்போது 12 என்றுதான் காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா?

பெரும்பாலும் இல்லை. நிறுவனங்கள் வேகத்தை மெகாபிட்டில் சொல்கின்றன. கணினி பதிவிறக்க வேகத்தை மெகாபைட்டில் காட்டுகிறது. 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5. உங்கள் இணைப்பு சரியாகவே இருக்கிறது.

அதுவே காலையில் 12 மெகாபைட், மதியம் 2 மெகாபைட் என்று இறங்கினால் அது வேறு கதை. மலிவான திட்டங்கள் பகிர்வு முறையில் இயங்குபவை. ஒரே குழாயிலிருந்து பல வீடுகளுக்குத் தண்ணீர் போவது போல, ஒரே இணைப்பைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுத் தருகிறார்கள். எத்தனை பேருக்குப் பங்கிடுகிறார்கள் என்பது விளம்பரத்தில் இருக்காது. நீங்கள்தான் கேட்க வேண்டும், பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். யாரோடும் பங்கிடாத தனி இணைப்பும் கிடைக்கும். அதன் விலை பல மடங்கு. எல்லாப் பள்ளிக்கும் அது தேவையில்லை. இணையவழித் தேர்வு நடத்தும் பள்ளிகளுக்கு நான் சொல்வது, அன்றாடப் பாடத்துக்குப் பெரிய பகிர்வு இணைப்பு ஒன்று, தேர்வுக்கும் அலுவலகத்துக்கும் சிறிய தனி இணைப்பு ஒன்று. இரண்டும் வேறுவேறு நிறுவனங்களாக இருந்தால் ஒன்று படுத்தாலும் மற்றொன்று தாங்கும். ஆனால் இரண்டு கேபிளும் ஒரே கம்பத்தில் வருகின்றனவா என்றும் பாருங்கள். கம்பம் சாய்ந்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.

பதிவேற்ற வேகம் பள்ளிக்கு அவ்வளவு முக்கியமா?

முக்கியம். பள்ளிகள் மிகவும் அசட்டையாக விட்டுவிடுவதும் இதைத்தான். வீட்டுத் திட்டங்கள் பலவற்றில் பதிவிறக்கம் 100 என்றால் பதிவேற்றம் 10, 20 என்று இருக்கும். படம் பார்க்கும் வீட்டுக்கு அது போதும். பள்ளி வெறுமனே பார்க்கும் இடம் இல்லையே. பிள்ளைகள் செய்த வேலையை அனுப்புகிறார்கள், தேர்வு விடைகள் போகின்றன, ஆசிரியர் வகுப்பை நேரலையில் நடத்துகிறார்.

உருகுவே நாட்டில் 2007-ஆம் ஆண்டு தொடங்கிய சேய்பல் திட்டம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மடிக்கணினியும் பள்ளிகளுக்கு இணையமும் கொடுத்தது. ஆங்கில ஆசிரியர்கள் போதாத தொடக்கப் பள்ளிகளுக்கு 2012 முதல் வேறு ஊர்களிலும் வேறு நாடுகளிலும் இருக்கும் ஆசிரியர்கள் காணொளி வழியாக வகுப்பெடுத்தார்கள். அந்த ஆசிரியரின் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். ஒரு பிள்ளை சொல்லைச் சரியாக உச்சரிக்கிறதா என்று தெரிய, அதன் வாயசைவு அவருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். அந்தப் படம் பள்ளியிலிருந்து அவருக்குப் போகிறது. பதிவேற்றம் மெலிந்திருந்தால் பிள்ளைகள் ஆசிரியரைப் பார்ப்பார்கள். ஆசிரியர் பிள்ளைகளைப் பார்க்க மாட்டார். இரு பக்கமும் ஒரே வேகம் தரும் திட்டம் கிடைத்தால் அதையே எடுங்கள்.

ஒளியிழை, கம்பியில்லா இணைப்பு, செயற்கைக்கோள்: எதை எடுப்பது?

கண்ணாடி இழை வழியாக ஒளியாகத் தகவலை அனுப்பும் ஒளியிழை (ஃபைபர்) கிடைக்கும் இடத்தில் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். அதில் செலவின் பெரும்பகுதி பள்ளம் தோண்டுவதிலும் குழாய் பதிப்பதிலும்தான் போகிறது. ஒருமுறை பதித்துவிட்டால் இரண்டு முனைகளிலும் இருக்கும் கருவியை மாற்றியே வேகத்தைப் பத்து மடங்கு உயர்த்திக்கொள்ளலாம். மறுபடி தோண்ட வேண்டியதில்லை.

தோண்ட முடியாத இடத்தில் கோபுரத்திலிருந்து கோபுரத்துக்கு நேர்ப்பார்வையில் அமைக்கும் கம்பியில்லா இணைப்பு நன்றாகவே வேலை செய்யும். நடுவில் மரமோ கட்டடமோ வளர்ந்து மறைக்கக் கூடாது. 4ஜி, 5ஜி சிம் போட்ட ரவுட்டர் இரண்டாவது துணை இணைப்பாக இருக்கட்டும். அதையே முதன்மையாக வைத்தால் டேட்டா வரம்பு மாதக் கடைசியில் காலை வாரிவிடும்.

செயற்கைக்கோளில் இரண்டு வகை உண்டு. வேறுபாடு தெரியாமல் வாங்கித் தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய வகை பூமியிலிருந்து 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. நீங்கள் சொடுக்கியது மேலே போய்க் கீழே இறங்க வேண்டும், பதிலும் அதே வழியில் திரும்ப வேண்டும். ஒளியின் வேகத்தில் போனாலும் அரை நொடி ஆகிவிடும். காணொளி பார்க்கலாம். நேரலை உரையாடலில் கேள்வியும் பதிலும் ஒன்றன்மேல் ஒன்று விழும். ஸ்டார்லிங்க் போன்ற புதிய வகை ஏறக்குறைய 550 கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றுவதால் அந்தத் தாமதம் நேரலை வகுப்புக்கு இடைஞ்சலாக இருப்பதில்லை. மலையிலும் தீவிலும் இருக்கும் பள்ளிகளுக்கு இது பெரிய திறப்பு. அங்கே பிள்ளைகள் இன்னும் பத்து ஆண்டு காத்திருக்க வேண்டும் என்று யாரும் இனிச் சொல்லக் கூடாது.

விலை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. எப்படிக் குறைப்பது?

பள்ளிகள் தனித்தனியாகப் போய்ப் பேசுவதுதான் விலை இறங்காமல் இருப்பதற்கு முதல் காரணம். ஒரு பள்ளிக்காக மட்டும் ஐந்து கிலோமீட்டர் கேபிள் போட வேண்டுமென்றால் அந்தச் செலவு முழுவதும் அந்தப் பள்ளியின் தலையில் விழும். அதே வழியில் இன்னும் நான்கு பள்ளிகள், ஒரு நூலகம், ஒரு மருத்துவமனை இருந்து, எல்லோரும் சேர்ந்து ஒரே டெண்டராகக் கேட்டால் ஒவ்வொருவரின் பங்கும் சுருங்கிவிடும். ஊர் கூடினால்தான் தேர் நகரும். நிறுவனத்துக்கும் இதில் லாபம் உண்டு: ஒரே கேபிளுக்கு ஐந்தாறு நிலையான வாடிக்கையாளர்கள், அதுவும் இடம் மாறிப் போகாதவர்கள். பேரத்தில் உங்கள் பலமே இதுதான். வீடு காலி செய்பவர்கள் உண்டு. பள்ளி அப்படியேதான் இருக்கும். இதை வாய்விட்டுச் சொல்லிப் பேசுங்கள்.

பல்கலைக்கழகங்கள் இந்த வழியை எப்போதோ கண்டுபிடித்துவிட்டன. பிரிட்டனில் ஜேனட் என்ற கல்வி வலையமைப்பு 1984-இல் தொடங்கியது. கென்யாவில் கெனெட், லத்தீன் அமெரிக்காவில் ரெட்கிளாரா என்று பல இடங்களிலும் கல்வி நிறுவனங்கள் கூடி நடத்தும் வலையமைப்புகள் இருக்கின்றன. மொத்தமாக வாங்கி உறுப்பினர்களுக்குப் பகிர்ந்து கொடுப்பது அவற்றின் வேலைகளில் ஒன்று. உங்கள் நாட்டில் இப்படி ஒன்று இருந்தால், பள்ளிகளையும் சேர்த்துக்கொள்கிறதா என்று முதலில் அங்கே கேளுங்கள். நிறுவனங்களிடம் போவது அதற்குப் பிறகு.

அடுத்து, விலைப்புள்ளியைப் பிரித்துக் கேளுங்கள். ஒருமுறை மட்டும் செலவாகும் கட்டுமானம் தனியாக, மாதக் கட்டணம் தனியாக. இரண்டையும் கலந்து ஒரே எண்ணாகக் கொடுத்தால், கட்டுமானச் செலவு அடைந்து முடிந்த பிறகும் நீங்கள் அதே தொகையைக் கட்டிக்கொண்டே இருப்பீர்கள். நன்கொடை தர விரும்பும் முன்னாள் மாணவர்களுக்கும் இப்படிப் பிரித்துக் காட்டுவது உதவும். கேபிளுக்குப் பணம் தர முன்வருபவர்கள் உண்டு. மாத வாடகைக்குத் தருபவர் அரிது.

அரசுகள் இதற்கு என்ன செய்கின்றன?

மாதிரிகள் நிறைய இருக்கின்றன. அதிகம் பேசப்படுவது அமெரிக்காவின் இ-ரேட். 1996-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்திலிருந்து பிறந்த இத்திட்டத்தில் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் இணையக் கட்டணத்தில் 20 முதல் 90 விழுக்காடு வரை தள்ளுபடி கிடைக்கிறது. ஏழைப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளிக்குத் தள்ளுபடியும் அதிகம். இதற்கான பணம் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் செலுத்தும் பொதுச் சேவை நிதியிலிருந்து வருகிறது. இப்படிப்பட்ட நிதி உலகில் பல நாடுகளில் இருக்கிறது. அதிலிருந்து பள்ளிகளுக்கு எவ்வளவு போகிறது என்று கேட்கும் உரிமை பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் இருக்கிறது, கேட்க வேண்டும்.

எஸ்டோனியா 1996-இல் அறிவித்த 'புலிப் பாய்ச்சல்' திட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. பள்ளிகளுக்குக் கணினியும் இணையமும் கொடுத்ததோடு ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் சேர்த்தே கொடுத்தார்கள். யுனிசெஃப்பும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து 2019-இல் தொடங்கிய கீகா என்ற முயற்சி, 2030-க்குள் உலகின் ஒவ்வொரு பள்ளியையும் இணைப்பது என்ற இலக்கோடு முதலில் பள்ளிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று வரைபடத்தில் குறிக்கும் வேலையைச் செய்கிறது. பல நாடுகளில் அந்தப் பட்டியல்கூடச் சரியாக இருந்ததில்லை. யுனெஸ்கோவின் 2023-ஆம் ஆண்டு அறிக்கையின்படி உலகத் தொடக்கப் பள்ளிகளில் 40 விழுக்காட்டுக்கும் மேல்நிலைப் பள்ளிகளில் 65 விழுக்காட்டுக்கும்தான் இணையம் இருந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு எதற்கு என்ற எண்ணம் இந்த இடைவெளிக்குள் ஒளிந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

நல்ல இணைப்பு வாங்கிவிட்டோம். வகுப்பறையில் மட்டும் மெதுவாக இருக்கிறது. ஏன்?

இந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு பள்ளியில் பார்த்ததையே சொல்கிறேன். 300 எம்பிபிஎஸ் இணைப்பு. வேகம் போதவில்லை என்று 500-க்கு மாற்ற முடிவெடுத்துவிட்டு, அதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று அழைத்திருந்தார்கள். அலுவலகத்தில் ரவுட்டரில் நேரடியாகக் கேபிள் செருகிப் பார்த்தேன்: 290. மாடிக்குப் போய், ஒரே இணைப்பை வகுப்பறைகளின் கேபிள்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஸ்விட்ச் என்ற பெட்டியில் செருகினேன்: 94. ஏழாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வைஃபையில் பார்த்தேன்: 4.

290 எப்படி 94 ஆனது? கேபிளைக் கையால் தடவிக்கொண்டே போனேன். பழைய விடைத்தாள் கட்டுகள் அடுக்கிய அறையின் கதவு இடுக்கு வழியாக அது போயிருந்தது. ஒவ்வொரு முறை கதவைச் சாத்தும்போதும் கீல் அதைக் கடித்திருக்கிறது. உள்ளே இருக்கும் எட்டுக் கம்பிகளில் இரண்டு அறுந்துவிட்டன. ஜிகாபிட் வேகத்துக்கு எட்டுக் கம்பியும் வேண்டும். நான்கு மட்டும் நன்றாக இருந்தால் கருவிகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி ஓடும். எந்த எச்சரிக்கையும் வராது. 94 ஏன் 4 ஆனது என்பதற்குத் தாழ்வாரச் சுவரில் இருந்த ஒற்றை வைஃபை பெட்டியே விடை. நான்கு வகுப்புகளுக்கும் அது ஒன்றுதான், நடுவில் கான்கிரீட் சுவர்கள். ஒரே பிற்பகலில் கேபிளை மாற்றினோம். அடுத்த வாரம் ஒவ்வொரு வகுப்புக்குள்ளும் ஒரு வைஃபை பெட்டி வைத்தோம். 500-க்கு மாற வேண்டிய தேவையே வரவில்லை.

இதிலிருந்து எல்லாப் பள்ளிக்கும் பொருந்தும் சில விஷயங்கள் உண்டு. வைஃபை பெட்டியை வகுப்புக்குள் வையுங்கள், தாழ்வாரத்தில் வேண்டாம். வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் (சேனல்கள்) 1, 6, 11 என்று மூன்றே மூன்று. பல பெட்டிகள் வைத்தால் ஒன்றையொன்று இரைச்சலில் மூழ்கடிக்கும். 5 கிகாஹெர்ட்ஸில் தடங்கள் அதிகம். அது சுவரை எளிதில் தாண்டாது என்பதை எல்லோரும் குறையாகச் சொல்வார்கள். பள்ளியில் அது வரம், ஏனென்றால் பக்கத்து வகுப்பின் அலை இங்கே வந்து தொல்லை செய்யாது. பெட்டியின் அலைவலிமையைக் குறைத்து வையுங்கள். கூட்டினால் நல்லது என்று நினைத்து எல்லாவற்றையும் உச்சத்தில் வைப்பவர்கள்தான் அதிகம்.

செம்புக் கேபிள் 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே தூரம் குறைவாக இருந்தாலும் ஒளியிழையே போடுங்கள்: இடி இறங்கினால் செம்பு அந்த மின்னோட்டத்தை அடுத்த கட்டடத்துக்கும் கடத்தி அங்கிருக்கும் கருவிகளையும் சுட்டுவிடும்; கண்ணாடி கடத்தாது. ரவுட்டருக்கும் ஸ்விட்சுக்கும் சிறிய யுபிஎஸ் கட்டாயம். மின்சாரம் அரை நிமிடம் போய் வந்தால்கூட இவை மறுபடி எழுந்து நிற்க ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளும்.

வேகத்தைக் கூட்ட வழியே இல்லை. இருப்பதை வைத்துச் சமாளிக்க முடியுமா?

முடியும். அடிக்கடி தேவைப்படுவதைப் பள்ளிக்குள்ளேயே கொண்டுவந்து வைத்துவிடுங்கள். கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருள் விக்கிப்பீடியாவை முழுவதுமாக இறக்கி இணையம் இல்லாமலே படிக்க வைக்கிறது. கொலிப்ரி என்ற தளம் பாடக் காணொளிகளையும் பயிற்சிகளையும் பள்ளியின் ஒரு சாதாரணக் கணினியில் வைத்து, உள்ளூர் வைஃபை வழியாக எல்லாக் கணினிகளுக்கும் கொடுக்கிறது. இரவில் இறக்கி வைத்துக்கொண்டால் பகலில் 40 பிள்ளைகளும் தடையில்லாமல் பார்க்கலாம்.

முன்பெல்லாம், ஒருமுறை பார்த்த பக்கங்களைப் பள்ளிக்குள்ளேயே சேமித்து வைக்கும் ப்ராக்ஸி சர்வர் என்ற கணினி ஒன்றை நிறுவினால் போதும், பாதி வேகப் பிரச்சினை தீர்ந்துவிட்டது. இப்போது ஏறக்குறைய எல்லாத் தளங்களும் நடுவில் யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்த பக்கங்களையே அனுப்புவதால் நடுவில் இருக்கும் சர்வரால் அவற்றைச் சேமிக்க முடிவதில்லை. இன்னும் இதை விற்க வருபவர்கள் உண்டு, கவனமாக இருங்கள்.

கணினிகளின் மென்பொருள் புதுப்பிப்பும் வேகத்தை விழுங்கும். ஒரு கணினிக்கு 1 ஜிபி என்றால் 40 கணினிக்கு 40 ஜிபி. 100 எம்பிபிஎஸ் இணைப்பை வேறு யாரும் தொடாமல் விட்டாலும் அது முடிய ஏறக்குறைய 53 நிமிடம் ஆகும். ஒரு பாடவேளை முழுவதும் போய்விடும். புதுப்பிப்பை இரவு நேரத்துக்கு மாற்றுவதற்கு ஒரு காசு செலவில்லை.

இலவசமாக இணைப்பு தருகிறோம் என்று ஒரு நிறுவனம் வருகிறது. ஏற்கலாமா?

எத்தனை ஆண்டுக்கு, அதன் பிறகு கட்டணம் எவ்வளவு, பிள்ளைகள் எதைப் பார்க்கிறார்கள் என்ற தகவலை எடுக்கிறார்களா, விளம்பரம் காட்டுவார்களா: இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். பதில் திருப்தியாக இருந்தால் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளுங்கள். மூன்றாவதற்கும் நான்காவதற்கும் மழுப்பினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குழந்தைகளின் தேடல்களை விற்று வரும் இணையம் நமக்கு வேண்டியதில்லை.

தேவையற்ற தளங்களை எப்படித் தடுப்பது?

அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இணையத்துக்கு இ-ரேட் தள்ளுபடி பெறும் பள்ளிகள் ஆபாசப் படங்களைத் தடுக்கும் வடிகட்டி வைத்தே ஆக வேண்டும். தளங்களின் பெயரை முகவரியாக மாற்றிக் கொடுக்கும் டிஎன்எஸ் சேவையிலேயே வடிகட்டுவது சிறிய பள்ளிகளுக்கு எளிய வழி. தனிக் கருவி வாங்க வேண்டியதில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு தடுத்தால் பாடமும் சேர்ந்து தடைபடும். உடற்கூறு பாடம் நடத்தும் ஆசிரியர் படம் திறக்காமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். தடுத்த தளத்தை ஓர் ஆசிரியர் கேட்டால் அன்றைக்கே திறந்துவிட ஒரு பொறுப்பாளர் பள்ளிக்குள் இருக்க வேண்டும். மதிப்பெண்களும் மாணவர் விவரங்களும் இருக்கும் அலுவலகக் கணினிகளை மாணவர் வைஃபையிலிருந்து பிரித்துத் தனி வலையமைப்பில் வைப்பதை மட்டும் ஒருபோதும் தள்ளிப்போடாதீர்கள்.

20 பேர் படிக்கும் சிறிய பயிற்சி மையம் எங்களுடையது. இதெல்லாம் எங்களுக்குத் தேவையா?

இல்லை. நல்ல ஒளியிழைத் திட்டம் ஒன்று, சிம் போட்ட துணை ரவுட்டர் ஒன்று, அறைக்குள் தரமான வைஃபை பெட்டி ஒன்று. பதிவேற்ற வேகத்தை மட்டும் பார்த்து வாங்குங்கள்.

ஒப்பந்தத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

"99 விழுக்காடு இயங்கும்" என்ற வரியைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். ஓர் ஆண்டில் 8,760 மணி நேரம். அதில் ஒரு விழுக்காடு 87.6 மணி. நிறுவனம் ராத்திரி பகல் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடும். உங்கள் பள்ளி ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம்தான் நடக்கிறது. அந்த 87 மணியும் பள்ளி நேரத்தில் விழுந்தால் 12 பள்ளி நாள்கள் போய்விடும், நிறுவனமோ ஒப்பந்தத்தை மீறவே இல்லை. இயக்க விழுக்காட்டைப் பள்ளி நேரத்துக்கு மட்டும் கணக்கிடச் சொல்லி எழுதுங்கள். 99.9 கேளுங்கள். பழுதை எத்தனை மணி நேரத்தில் சரிசெய்வார்கள், செய்யாவிட்டால் கட்டணத்தில் எவ்வளவு கழிப்பார்கள் என்பதும் எண்ணாக எழுதப்பட வேண்டும். "விரைவில்" என்ற சொல்லுக்கு ஒப்பந்தத்தில் மதிப்பில்லை.

மூன்று ஆண்டுக்கு மேல் கையெழுத்துப் போடாதீர்கள். இணைய வேகத்தின் விலை பொதுவாக இறங்கிக்கொண்டுதான் வருகிறது. ஆண்டுக்கு ஒருமுறை, அதே கட்டணத்துக்கு வேகத்தைக் கூட்டித் தரவோ கட்டணத்தைக் குறைக்கவோ வகைசெய்யும் விதி ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். விலகிப் போகும் நாளில் ரவுட்டரும் உள்கேபிளும் யாருக்குச் சொந்தம் என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள்.

வீட்டில் இணையம் இல்லாத மாணவர்களுக்குப் பள்ளி என்ன செய்ய முடியும்?

கொரோனா காலத்தில் யுனிசெஃப்பும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2020-இல் வெளியிட்ட அறிக்கை, 3 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு, அதாவது 130 கோடிப் பேருக்கு, வீட்டில் இணையம் இல்லை என்று சொன்னது. ஐநாவின் பிராட்பேண்ட் ஆணையம், வளரும் நாடுகளில் அடிப்படை இணையக் கட்டணம் தனிநபர் மாத வருமானத்தில் 2 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. அந்த இலக்கை எட்டும் வரைக்கும் வீட்டுப்பாடத்தை இணையம் இருந்தால்தான் முடியும் என்ற முறையில் கொடுக்காதீர்கள். பள்ளி முடிந்த பிறகு ஒரு மணி நேரம் கணினி அறையைத் திறந்து வையுங்கள். பாடத்தை இறக்கி எடுத்துப் போகும் வடிவில் வையுங்கள். மாலை ஐந்து மணிக்குப் பள்ளிச் சுவருக்கு வெளியே நின்று வைஃபை பிடித்துப் படிக்கும் பிள்ளைகளைக் கண்டால் விரட்டாதீர்கள். உள்ளே அழைத்து உட்கார வையுங்கள்.

வேகம் குறைகிறது என்று புகார் கொடுத்தால் நிறுவனம் ஏற்பதில்லை. எப்படி நிரூபிப்பது?

"மெதுவாக இருக்கிறது" என்ற புகாரை எந்த நிறுவனமும் எளிதில் தள்ளிவிடும். வைஃபையில் எடுத்த அளவையும் தள்ளிவிடும்: உங்கள் உள்வலையில் கோளாறு என்பார்கள். அளவை ரவுட்டரில் கேபிள் செருகி எடுங்கள், மற்ற எல்லாக் கணினிகளையும் துண்டித்துவிட்டு.

ஒரு பள்ளியில் கணினி ஆசிரியை ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார். காலை எட்டரை, பதினொன்று, மூன்று என்று நாளுக்கு மூன்று முறை, இரண்டு வாரம். பதிவிறக்கம், பதிவேற்றம், தாமதம் என்று மூன்று பத்திகள். நான்காவது பத்தியில் அன்றைய வானிலையையும் எழுதினார். ஏன் என்று கேட்டபோது, ஏதோ தோன்றியது என்றார். இரண்டு வாரம் முடிந்து பார்த்தால் வேகம் விழுந்த நாள்கள் எல்லாமே மழை பெய்த நாள்களும் அதற்கு அடுத்த நாள்களும். அந்தப் பக்கங்களைப் படமெடுத்துப் புகாரோடு அனுப்பினார்கள். அதுவரை நான்கு முறை "எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது" என்று பதில் வந்திருந்தது. இந்த முறை ஆள் வந்தார். தெருமுனையில் ஒளியிழை ஒட்டு வைத்த பெட்டியின் மூடி விரிசல் விட்டு, உள்ளே தண்ணீர் நின்றிருந்தது. பெட்டியை மாற்றி ஒட்டைப் புதிதாகப் போட்டுவிட்டுப் போனார். ஆசிரியை இப்போதும் அந்த நோட்டில் எழுதி வருகிறார், வாரத்துக்கு ஒருமுறை.